விற்ற இடத்தில் மட்டுமா லாபம் பிறக்கிறது?

அமெரிக்க மாநிலங்களின் வரிச் சட்டங்களில் கடந்த முப்பது ஆண்டுகளாக ஒரு கருத்து ஏறக்குறைய எதிர்ப்பே இல்லாமல் வென்றுகொண்டிருக்கிறது. பல மாநிலங்களில் தொழில் நடத்தும் ஒரு கம்பெனியின் லாபத்தில் எந்த மாநிலம் எவ்வளவு பகுதிக்கு வரி போடலாம் என்று கேட்டால், எந்த மாநிலத்தில் எவ்வளவு விற்றதோ அந்த விகிதத்துக்கு என்று அது பதில் சொல்கிறது. ஆலை எங்கே நிற்கிறது, தொழிலாளர்கள் எங்கே வேலை செய்கிறார்கள், ஆய்வுக்கூடமும் கிடங்கும் எங்கே இருக்கின்றன என்பதெல்லாம் கணக்கில் வர வேண்டியதில்லையாம். எளிமையானது, ஏமாற்ற இடம் தராதது, உள்ளூரில் வேலைவாய்ப்பைப் பெருக்குவது, நியாயமானது என்று இந்த முறைக்குப் பல பெருமைகள் சொல்லப்படுகின்றன. வேறெதிலும் ஒத்துப்போகாத கலிபோர்னியாவும் ஜார்ஜியாவும் இதில் ஒத்துப்போகின்றன. 30க்கும் மேற்பட்ட மாநிலங்கள் இதை ஏற்றுவிட்டன. சொத்து, சம்பளம், விற்பனை ஆகியவற்றைப் பார்த்த பழைய மூன்று காரணிச் சூத்திரத்துக்குத் தன் பெயரையே கொடுத்த மாசசூசெட்ஸும் 2025 முதல் அதைக் கைவிட்டு இந்த வரிசையில் போய் நின்றுகொண்டது. இத்தனை மாநிலங்கள் ஒரே முடிவுக்கு வந்திருப்பதாலேயே அந்த முடிவு சரியாகிவிடாது. விற்பனையை மட்டும் வைத்துப் பிரிப்பது லாபத்தைப் பங்கிடும் முறையே அல்ல. உள்ளூர்ப் பெருங்கம்பெனிக்கு வரிச்சலுகை கொடுத்துவிட்டு அதற்குப் பங்கீடு என்று பெயர் வைக்கும் ஏற்பாடு அது.

இந்தியாவில் கம்பெனிகளின் வருமான வரி மத்திய அரசின் கையில் இருப்பதால் இந்தச் சிக்கல் நமக்கு நேரடியாகப் பழக்கமில்லை. அமெரிக்காவில் கூட்டாட்சி அரசு விதிக்கும் 21 விழுக்காட்டு வரிக்கு மேல், 44 மாநிலங்கள் தங்கள் கணக்குக்குத் தனியாகக் கம்பெனி வருமான வரி விதிக்கின்றன. கலிபோர்னியாவில் அது 8.84 விழுக்காடு, மின்னசோட்டாவில் 9.8. ஒரே மாநிலத்துக்குள் தொழில் செய்யும் கம்பெனி என்றால் பிரச்சினை இல்லை. ஒரு மாநிலத்தில் தயாரித்து, இரண்டாவது மாநிலத்தில் இருப்பு வைத்து, இன்னும் நாற்பது மாநிலங்களில் விற்கும் கம்பெனியின் லாபம் எந்த இடத்தில் விளைந்தது என்று கணக்குப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் பாதைகளுக்கும் தந்திக் கம்பிகளுக்கும் மாநிலங்கள் சொத்து வரி போட்டபோதே இந்தத் தலைவலி தொடங்கிவிட்டது. மாநில எல்லைக்குள் இருக்கும் தண்டவாளத் துண்டுக்குத் தனியாக என்ன விலை மதிப்பது? முழுப் பாதையையும் மதிப்பிட்டு, நீளத்தின் விகிதத்தில் பிரித்தார்கள். 1911இல் விஸ்கான்சின் நவீன முறையிலான வருமான வரியைக் கொண்டுவந்தபின் அதே தர்க்கம் லாபத்துக்கும் வந்தது. சொத்து, சம்பளம், விற்பனை மூன்றிலும் ஒரு மாநிலத்துக்குள்ள பங்கைத் தனித்தனியாகக் கணக்கிட்டு, மூன்றின் சராசரியை எடுப்பது மாசசூசெட்ஸ் முறை. மாநிலங்களுக்கான மாதிரிச் சட்டங்களை வரையும் ஆணையம் 1957இல் அந்த முறையையே பொதுச் சட்டமாக முன்வைத்தது. 1967இல் உருவான மாநிலங்களுக்கிடையிலான வரி உடன்படிக்கையும் அதைத் தன் அடிப்படையாக ஏற்றது.

மூன்று காரணிகள் எதற்கு என்பதை விளங்கிக்கொள்ள வாரச் சாகுபடியை நினைத்தால் போதும். நிலம் ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது, நெல் விலைபோவது வேறொரு ஊரின் சந்தையில். சந்தை இல்லாவிட்டால் நெல்லுக்குக் காசு இல்லை என்பது உண்மைதான். அதற்காகக் களத்து நெல் முழுவதும் சந்தை இருக்கும் ஊருக்குச் சொந்தம் என்று எந்தப் பஞ்சாயத்தும் தீர்ப்புச் சொன்னதில்லை. லாபம் என்பது மூலதனமும் உழைப்பும் தேவையும் கூடிவருவதால் கிடைப்பது. இம்மூன்றும் இருக்கும் இடங்களில் அந்தந்த அரசு செலவு செய்கிறது. ஆலைக்கு முன்னால் போகும் கனரக லாரிக்குச் சாலை போடுவதும், தீ பிடித்தால் வண்டி அனுப்புவதும், தொழிலாளியின் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் நடத்துவதும், பொறியாளரை உருவாக்கிய மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் பணம் கொடுப்பதும் பெரும்பாலும் உற்பத்தி நடக்கும் மாநிலம். வாங்குபவர் வாழும் மாநிலம் ஒரு சந்தையையும், பாக்கி வராவிட்டால் போய் நிற்க ஒரு நீதிமன்றத்தையும் தருகிறது. இரண்டுக்கும் பங்கு உண்டு. ஒன்றுக்கு முழுப் பங்கு, இன்னொன்றுக்குப் பூஜ்யம் என்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

ஒரே காரணியை வைத்து அளந்தால் என்ன ஆகும் என்பது அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு 1931லேயே தெரியும். ஹான்ஸ் ரீஸ் என்ற தோல் நிறுவனத்தின் பதனிடும் ஆலை வட கரோலினாவில் இருந்தது. விற்பனை நியூயார்க்கிலிருந்து நடந்தது. வட கரோலினா சொத்தை மட்டும் அளவுகோலாக வைத்தது. அதன்படி நான்கு ஆண்டுகளில் கம்பெனி லாபத்தின் 66 முதல் 85 விழுக்காடு வரை அந்த மாநிலத்தில் விளைந்ததாகக் கணக்காயிற்று. கம்பெனி காட்டிய சாட்சியத்தின்படி உண்மைப் பங்கு 22 விழுக்காட்டைத் தாண்டவில்லை. நீதிமன்றம் அந்த வரியைச் செல்லாததாக்கியது. அன்று ஆலை உள்ள மாநிலம் தன்னிடம் இருந்த ஒரே காரணியைக் காட்டி லாபத்தின் பெரும்பகுதியைப் பிடுங்கப் பார்த்தது. இன்று அளவுகோலின் பெயர் மாறியிருக்கிறது, குறை அதேதான். சொத்தை மட்டும் பார்ப்பது கண்மூடித்தனம் என்றால் விற்பனையை மட்டும் பார்ப்பது எப்படித் தெளிந்த பார்வையாகும்?

விற்பனையை மட்டும் பார்க்கும் வழக்கத்தைத் தனியாளாக நீண்ட காலம் கடைப்பிடித்த மாநிலம் அயோவா. இல்லினாயில் கால்நடைத் தீவனம் தயாரித்த மூர்மன் கம்பெனி அதை எதிர்த்து வழக்குப் போட்டது. அயோவாவில் அதற்கு 500க்கும் மேற்பட்ட விற்பனையாளர்களும் ஆறு கிடங்குகளும் இருந்தன. விற்பனையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அங்கே நடந்தது. மற்ற மாநிலங்கள் ஏறக்குறைய அனைத்தும் மூன்று காரணிகளைப் பின்பற்றிய காலம் அது. 1978இல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அயோவாவின் பக்கம் தீர்ப்பளித்தது. இல்லினாயின் சூத்திரம் சரி, அயோவாவின் சூத்திரம் தவறு என்று தேர்ந்தெடுப்பது எங்கள் வேலையல்ல, ஒரே சூத்திரம் வேண்டுமானால் நாடாளுமன்றம் விதிக்கட்டும் என்பது தீர்ப்பின் சாரம். மாறுபட்ட நீதிபதிகளில் ஒருவரான லூயிஸ் பவல், இது மாநில எல்லையில் சுங்கம் வசூலிப்பதற்குச் சமம் என்றார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்பதற்கு ஒரு சிறு கணக்கு போதும். இல்லினாயில் ஆலையும் ஆட்களும் முழுதாக இருக்கும் ஒரு கம்பெனி, தன் சரக்கைப் பாதி இல்லினாயிலும் பாதி அயோவாவிலும் விற்று 100 டாலர் லாபம் பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று காரணிகளின் சராசரிப்படி இல்லினாய் 83 டாலருக்கு வரி போடும். அயோவா விற்பனையை மட்டும் பார்த்து 50 டாலருக்கு வரி போடும். 100 டாலர் சம்பாதித்தவர் 133 டாலருக்குக் கணக்குக் காட்டுகிறார். இப்போது கம்பெனியை அப்படியே அயோவாவுக்கு மாற்றுங்கள். அயோவா 50, இல்லினாய் 17. ஆக 67 டாலர்தான் எங்காவது வரிக்கு உட்படுகிறது. 33 டாலர் எந்த மாநிலத்தின் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது. வெளியூர்க்காரருக்கு அபராதம், உள்ளூர்க்காரருக்கு ஏற்றுமதி மானியம். இதையே நேரடியாகச் சட்டமாக எழுதியிருந்தால் எந்த நீதிமன்றமும் ஒரு நாள்கூட விட்டுவைத்திருக்காது.

அந்தத் தீர்ப்பு கதவைத் திறந்துவிட்டது. பிறகு நடந்தது நியாயத்தைத் தேடிய பயணமாகத் தெரியவில்லை. 1995இல் மாசசூசெட்ஸில் ரேதியான் என்ற பாதுகாப்புத் தளவாட நிறுவனம், வரிச் செலவு குறையாவிட்டால் வேலைகளை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோய்விடுவதாகச் சொன்னது. சட்டமன்றம் பாதுகாப்புத் துறைக் கம்பெனிகளுக்கு உடனடியாகவும் பிற உற்பத்தியாளர்களுக்குப் படிப்படியாகவும் விற்பனைச் சூத்திரத்தைக் கொடுத்தது. அடுத்த ஆண்டே பரஸ்பர நிதி நிறுவனங்கள் அதே சலுகையைக் கேட்டு வாங்கிக்கொண்டன. பாதுகாப்புக் கம்பெனிகளுக்கு விதித்த நிபந்தனை சம்பளத் தொகையைப் பற்றியது, ஆட்களின் எண்ணிக்கையைப் பற்றியதல்ல; ரேதியானின் ஆட்குறைப்பு அதற்குப் பின்னும் நிற்கவில்லை. கலிபோர்னியாவின் கதை இன்னும் வெளிப்படையானது. 2009இல் அங்கே ஒரு பட்ஜெட் பேரத்தின் பகுதியாக, பழைய சூத்திரம் வேண்டுமா புதியது வேண்டுமா என்று ஆண்டுதோறும் கம்பெனியே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று சட்டம் செய்தார்கள். எது குறைவான வரியைத் தருமோ அதை எடுத்துக்கொள் என்று அரசே சொன்னபின் நியாயமான பங்கு என்ற பேச்சுக்கு என்ன பொருள்? 2012இல் மக்கள் நேரடி வாக்கெடுப்பில் 39ஆம் முன்மொழிவை நிறைவேற்றி அந்தத் தேர்வு உரிமையை நீக்கினார்கள். ஆண்டுக்குச் சுமார் 100 கோடி டாலர் கூடுதல் வருவாய் என்று மதிப்பிடப்பட்டது. ஆனால் அதற்கு எடுத்துக்கொண்ட வழி, விற்பனைச் சூத்திரத்தை எல்லோருக்கும் கட்டாயமாக்குவது.

எல்லா மாநிலங்களும் இதே சூத்திரத்துக்கு வந்துவிட்டால் 133, 67 என்ற கோணல் மறைந்துவிடுமே, கூட்டினால் சரியாக 100 வந்துவிடுமே என்பார்கள். ஆதரவாளர்களின் வாதங்களில் வலுவானது இதுதான். அரசியலமைப்புச் சட்டத்தின்படி ஒரு சூத்திரத்தைச் சோதிக்க, அதை எல்லா மாநிலங்களும் பின்பற்றினால் மொத்தம் 100ஐத் தாண்டுமா என்று பார்ப்பது உச்ச நீதிமன்றம் 1983இல் கன்டெய்னர் நிறுவன வழக்கில் வகுத்த முறைகளில் ஒன்று. விற்பனைச் சூத்திரம் அந்தச் சோதனையில் தேறிவிடும். மாநிலத்தின் பெயரில் எத்தனை எழுத்து என்று எண்ணி லாபத்தைப் பிரித்தாலும் தேறிவிடும். கூட்டல் சரியாக வருவது பங்கீட்டுக்கு வேண்டிய குறைந்தபட்சத் தகுதி. லாபம் உண்மையில் எப்படி ஈட்டப்பட்டது என்பதை அந்தச் சூத்திரம் ஓரளவாவது காட்ட வேண்டும் என்ற இரண்டாவது சோதனையையும் அதே தீர்ப்பு வைத்தது. மற்றச் சூத்திரங்களை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான அளவுகல்லாக அது சொன்னது மூன்று காரணிச் சூத்திரத்தைத்தான். ஆதரவாளர்கள் முதல் சோதனையை உரக்கப் படித்துவிட்டு இரண்டாவதன்முன் மௌனமாகிவிடுகிறார்கள்.

உண்மையில் கூட்டலும் சரியாக வருவதில்லை. 1959இல் நிறைவேறிய பொதுச் சட்டம் 86-272 நடுவில் நிற்கிறது. அந்த ஆண்டு பிப்ரவரியில் ஒரு சிமெண்ட் கம்பெனியின் வழக்கில், மாநில எல்லைக்கு வெளியிலிருந்து வந்து விற்பவரின் லாபத்திலும் மாநிலம் தன் பங்குக்கு வரி போடலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வியாபாரிகள் பதறினார்கள். செப்டம்பருக்குள் நாடாளுமன்றம் சட்டம் இயற்றிவிட்டது. விற்பனைப் பிரதிநிதியை அனுப்பி ஆர்டர் மட்டும் எடுத்து, அதை ஏற்பதும் சரக்கை அனுப்புவதும் மாநிலத்துக்கு வெளியிலிருந்து நடந்தால், அந்தக் கம்பெனியின் லாபத்துக்கு வாங்குபவரின் மாநிலம் வருமான வரி போடக் கூடாது என்பது அதன் சாரம். மூன்று காரணிகள் இருந்த காலத்தில் இதனால் வந்த சேதம் ஓர் அளவுக்குள் இருந்தது. உற்பத்தி மாநிலம் சொத்தையும் சம்பளத்தையும் வைத்துப் பெரும்பங்கைப் பிடித்துவிடும். இன்று நிலைமை தலைகீழ். ஜார்ஜியாவில் தயாரித்து 90 விழுக்காட்டைப் பிற மாநிலங்களுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜார்ஜியா விற்பனையை மட்டும் பார்த்துப் பத்தில் ஒரு பங்கு லாபத்துக்கு வரி போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. மீதி ஒன்பது பங்கு வாங்குபவர்களின் மாநிலங்களுக்கு என்கிறது சூத்திரம். அந்த மாநிலங்களில் ஆர்டர் எடுப்பதைத் தவிர வேறெதையும் கம்பெனி செய்யவில்லை என்றால், அவை கை வைக்கக் கூடாது என்கிறது கூட்டாட்சிச் சட்டம். அந்த ஒன்பது பங்குக்கு ஊரும் இல்லை, பேரும் இல்லை. ஒரு கை பங்கு கொடுக்கிறது, இன்னொரு கை அதை வாங்கவிடாமல் தடுக்கிறது. இரண்டு கைகளுக்கும் நடுவில் பணம் கம்பெனியிடமே தங்கிவிடுகிறது.

இந்த ஓட்டையை அடைக்க ஒரு வழி இருக்கிறது. வாங்குபவரின் மாநிலத்தால் வரி போட முடியாத விற்பனையை, சரக்கு புறப்பட்ட மாநிலத்தின் கணக்கிலேயே திருப்பிச் சேர்க்கும் விதி அது. கலிபோர்னியா அதை வைத்திருக்கிறது. அந்த அளவில் கலிபோர்னியாவைப் பாராட்டத்தான் வேண்டும். நியூயார்க், பென்சில்வேனியா, ஜார்ஜியா ஆகிய மாநிலங்களில் அது இல்லை. இருந்தால் கிடங்குகள் பக்கத்து மாநிலத்துக்கு ஓடிவிடும் என்று பயம். விற்பனைச் சூத்திரத்தை நியாயத்துக்காகவே கொண்டுவந்த மாநிலம் என்றால் முதலில் இந்த விதியையல்லவா கூடவே கொண்டுவந்திருக்க வேண்டும்?

வேலைவாய்ப்பு வாதத்துக்கு வருவோம். சம்பளத்தைக் காரணியாக வைத்தால் ஆள் எடுக்க எடுக்க வரி கூடுகிறது, எனவே அது வேலைக்குப் போடும் அபராதம் என்கிறார்கள். பொருளியலாளர் சார்லஸ் மெக்லூர் 1980களின் வாசலிலேயே இதைச் சொல்லிவிட்டார்: சூத்திரத்தில் எது இருக்கிறதோ அதன்மீதான வரியாக லாப வரி மாறிவிடுகிறது. இது மறுக்க முடியாத உண்மை. அதிலிருந்து மாநிலச் சட்டமன்றங்கள் எடுத்த முடிவுதான் தவறு. ஆஸ்டன் கூல்ஸ்பியும் எட்வர்ட் மேடியூவும் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது. சம்பளக் காரணியின் எடையை மூன்றில் ஒன்றிலிருந்து நான்கில் ஒன்றாகக் குறைக்கும் மாநிலத்தில் உற்பத்தித் துறை வேலைவாய்ப்பு ஏறக்குறைய 1.1 விழுக்காடு கூடுகிறது என்று அவர்கள் கண்டார்கள். சட்டமன்றக் குழுக்களின் முன் சாட்சி சொல்ல வரும் தொழில் சங்கங்கள் இந்த முதல் பாதியை மனப்பாடமாகச் சொல்லும். ஆய்வின் இரண்டாம் பாதி என்ன? அந்த மாநிலத்துக்குக் கூடிய வேலை பெரும்பாலும் மற்ற மாநிலங்கள் இழந்த வேலை. நாடு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் லாபம் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கிறது. ஆய்வின் தலைப்பே பக்கத்து வீட்டுக்காரனின் ஆலையின்மேல் ஆசைப்படுவதைப் பற்றியது. பெரும்பாலான மாநிலங்களும் அதே வேலையைச் செய்து முடித்தபின் எவருக்கும் முன்னிலை இல்லை, வருவாய் மட்டும் குறைந்திருக்கிறது. கிம்பர்லி கிளாசிங் பின்னாளில் நீண்ட காலத் தரவுகளை வைத்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், வேலைவாய்ப்பும் முதலீடும் இந்தச் சூத்திர எடைகளுக்குப் பெரிதாக அசைந்துகொடுப்பதாகவே தெரியவில்லை. முதல் ஆய்வு சரியென்றால் இது அண்டை மாநிலத்திலிருந்து திருடுவது. இரண்டாவது சரியென்றால் திருடக்கூடத் தெரியாமல் பணத்தை வீணாக்குவது.

இந்தச் சலுகை யாருக்குப் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு மாநிலத்துக்குள்ளேயே தயாரித்து அந்த மாநிலத்துக்குள்ளேயே விற்கும் ரொட்டிக் கம்பெனிக்கும் அச்சகத்துக்கும் எந்தச் சூத்திரத்திலும் 100 விழுக்காடு லாபம் உள்ளூர்தான். சூத்திரம் மாறியதால் அவற்றுக்கு ஒரு டாலர்கூடக் குறையவில்லை. நாடு முழுவதும் விற்கும் பெருங்கம்பெனி அதே தெருவில் இன்னும் பெரிய ஆலை வைத்து, இன்னும் அதிக லாரிகளை ஓட்டி, லாபத்தில் சிறு பகுதிக்கு மட்டும் வரி கட்டுகிறது. சிறு தொழில்களின் பாதுகாவலர்களாகப் பேசும் சட்டமன்ற உறுப்பினர்கள் இதற்குக் கைதூக்கியிருப்பது வேடிக்கைதான்.

விற்பனையை ஏமாற்ற முடியாது என்ற பெருமைக்கு ஆயுள் குறைவு. சொத்தையும் ஆட்களையும் வரி குறைந்த மாநிலத்துக்கு நகர்த்தலாம், வாங்குபவரை நகர்த்த முடியாது என்பது வாதம். கடைசி வாங்குபவரை நகர்த்த முடியாதுதான். கணக்கில் வருவது கம்பெனியிடம் நேரடியாக வாங்குபவர்; அவர் மொத்த வியாபாரியாக இருக்கலாம், அவர் எங்கே இருக்க வேண்டும் என்பதைப் பேசி முடிவு செய்யலாம். வாங்குபவர் தன் லாரியோடு வந்து ஆலை வாசலிலேயே சரக்கை ஏற்றிக்கொண்டு எல்லை தாண்டிப் போனால் விற்பனை எந்த மாநிலத்தில் நடந்தது என்று வழக்குகள் நடந்திருக்கின்றன. சேவைத் துறையில் குழப்பம் இன்னும் கூடுதல். ஒரு விளம்பரத்தை ஒளிபரப்பியது எங்கே விற்கப்பட்டது? பார்த்தவர் ஊரிலா, விளம்பரம் கொடுத்தவர் ஊரிலா, ஒளிபரப்பியவர் ஊரிலா? சேவைக்கான செலவு அதிகம் நடந்த இடம் என்பது பழைய விதி. சேவையின் பலன் போய்ச்சேர்ந்த இடம் என்பது புதிய விதி. சில மாநிலங்கள் பழையதிலும் சில புதியதிலும் இருப்பதால் இங்கேயும் இரட்டை வரியும் வரியின்மையும் சேர்ந்தே முளைக்கின்றன. மூன்று காரணிகள் இருந்தபோது ஒன்றில் செய்யும் தில்லுமுல்லு மூன்றில் ஒரு பங்கைத்தான் பாதிக்கும். ஒரே காரணியில் செய்தால் முழுப் பங்கும் போகிறது.

இன்றைய லாபம் மென்பொருளிலும் காப்புரிமையிலும் வணிகப் பெயரிலும் இருக்கிறது. நிலமும் எந்திரமும் பார்க்கும் பழைய சொத்துக் காரணி அதைப் பிடிக்காது என்பது மிச்சமுள்ளவற்றில் கௌரவமான வாதம். சொத்துக் காரணி பலவீனமாகிவிட்டது என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் மென்பொருள் தானாக எழுதப்படுவதில்லை. அதை எழுதியவர்கள் சம்பளப் பட்டியலில் இருக்கிறார்கள், பெருஞ்சம்பளத்தோடு இருக்கிறார்கள். அறிவுத் தொழிலில் லாபம் எங்கே உருவாகிறது என்பதைச் சம்பளத்தைவிட நன்றாகக் காட்டும் அளவுகோல் இல்லை. சொத்தைக் கழித்துவிடலாம் என்றால் கனடாவைப் பார்க்கலாம். அங்கே மாகாணங்களுக்கிடையே கம்பெனி லாபம் பாதி சம்பளத்தையும் பாதி வருவாயையும் வைத்துப் பிரிக்கப்படுகிறது. வரியைத் தானே வசூலித்துக்கொள்ளும் கியூபெக்கும் ஆல்பர்ட்டாவும்கூட அதே சூத்திரத்தில்தான் இருக்கின்றன. ஜெர்மனியில் நகராட்சிகள் தொழில் வரியைப் பிரித்துக்கொள்வது பெரும்பாலும் சம்பள விகிதத்தில். சொத்துக் காரணி பழையதாகிவிட்டது என்பது அதைத் திருத்துவதற்கான காரணம். சம்பளக் காரணியையும் சேர்த்துக் குப்பையில் போடுவதற்கு அதில் என்ன காரணம் இருக்கிறது?

நுகர்வு நடக்கும் மாநிலத்துக்கே வரி போக வேண்டும் என்ற கொள்கையை இந்தியா சரக்கு, சேவை வரியில் ஏற்றது உண்மை. உற்பத்தி மாநிலமான தமிழ்நாடு அதனால் வருவாய் போகும் என்று கடுமையாக எதிர்த்தது. இழப்பீடாக ஆண்டுக்கு 14 விழுக்காடு வளர்ச்சியை ஐந்து ஆண்டுகளுக்கு உறுதியளித்தபின்புதான் 2017இல் அந்த வரி வந்தது. ஆனால் அது நுகர்வின்மீதான வரி என்று சொல்லியே வந்தது. அமெரிக்காவில் 45 மாநிலங்கள் ஏற்கெனவே விற்பனை வரி வசூலிக்கின்றன. வாங்குபவரின் மாநிலம் தன் சந்தைக்கான பங்கை அதில் எடுத்துக்கொள்கிறது. 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வேஃபேர் வழக்குக்குப் பின் இணைய வழி விற்பவரிடமிருந்தும் எடுத்துக்கொள்கிறது. லாப வரியையும் விற்பனையை வைத்தே பிரித்தால் ஒரே மாநிலத்தில் இரண்டு நுகர்வு வரிகள் இருக்கும், லாப வரி என்று ஒன்று இருக்காது. சந்தையாக மட்டும் இருந்து லாபம் பார்க்கக் கூடிய நிலையில் இந்தியா நின்ற சந்தர்ப்பத்தில் என்ன செய்தது என்பதும் கவனத்துக்குரியது. வெளிநாட்டுக் கம்பெனிகளின் லாபத்தில் இந்தியாவின் பங்கை எப்படி வரையறுப்பது என்று மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் குழு ஒன்று 2019இல் அறிக்கை தந்தது. நாங்கள்தான் சந்தை, விற்பனையை மட்டும் பாருங்கள் என்று அது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. லாபம் தேவையாலும் உண்டாகிறது, வழங்கலாலும் உண்டாகிறது என்று சொல்லி விற்பனை, மனிதவளம், சொத்து மூன்றுக்கும் சம எடையைப் பரிந்துரைத்தது.

கம்பெனிகளும் தங்களுக்கு லாபம் என்றால் மூன்று காரணிகளை மறப்பதில்லை. ஆலைகளை வெளியே வைத்துக்கொண்டு கலிபோர்னியாவில் ஏராளமாக விற்ற ஜில்லெட்டும் வேறு சில நிறுவனங்களும், 1967 உடன்படிக்கையின்படி சம எடையுள்ள மூன்று காரணிச் சூத்திரத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தங்களுக்கு உண்டு என்று வழக்குத் தொடர்ந்தன. 2015 டிசம்பர் கடைசி நாளில் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் அந்த உரிமை இல்லை என்றது. சொந்த மாநிலத்தில் விற்பனைச் சூத்திரம், விற்கப் போன மாநிலத்தில் மூன்று காரணிச் சூத்திரம் என்று இரண்டு பக்கமும் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லும் நிதி அதிகாரி எந்தக் கம்பெனியிலும் இருக்க மாட்டார். அந்த வழக்கில் வெளிப்பட்ட இன்னொன்றுதான் முக்கியம்: மாநிலங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்படிக்கை அவற்றைக் கட்டுப்படுத்தாது. ஒரு மாநிலம் மட்டும் மனம் திருந்திப் பழைய சூத்திரத்துக்குத் திரும்பினால் அதன் ஆலைகள் அடுத்த மாநிலத்தின் பேச்சுவார்த்தை மேசையில் இருக்கும். எனவே தனித்தனி மாநிலங்களைக் குறைசொல்லிப் பயனில்லை என்ற வாதத்தை நான் ஏற்கிறேன். மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் அரசியலமைப்பின்படி நாடாளுமன்றத்திடம் இருக்கிறது, வேலையும் அதனுடையது. மாநில உரிமையில் தலையிடுவதாகாதா என்றால், 1959லேயே தலையிட்டாயிற்று. கம்பெனிகளுக்குச் சாதகமாகத் தலையிடும்போது வராத கூச்சம் மாநிலக் கருவூலங்களுக்காகத் தலையிடும்போது மட்டும் வருவானேன்?

விகிதத்தை மாநிலங்கள் தங்கள் விருப்பப்படி வைத்துக்கொள்ளட்டும்; நியூஜெர்சி அதிகமாகவும் வட கரோலினா குறைவாகவும் வசூலிக்கட்டும். பிரிக்கும் சூத்திரம் ஒன்றாக இருக்க வேண்டும். அதில் சம்பளமும் சொத்தும் இடம்பெற வேண்டும். எந்த மாநிலமும் தொட முடியாத லாபம் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். 86-272 நீக்கப்பட வேண்டும். இது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமும் அல்ல. லூசியானா உறுப்பினர் எட்வின் வில்லிஸ் தலைமையிலான நாடாளுமன்றக் குழு 1964, 1965ஆம் ஆண்டுகளில் நான்கு தொகுதிகளாக அறிக்கை தந்து, எல்லா மாநிலங்களுக்கும் ஒரே சூத்திரத்தைப் பரிந்துரைத்தது. அதில் இருந்தவை சொத்து, சம்பளம் என்ற இரண்டு காரணிகள். விற்பனையை அந்தக் குழு சேர்க்கவே இல்லை. அவ்வளவு தூரம் போக வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பரிந்துரை சட்டமாகவில்லை. அந்தக் குழுவின் ஆய்வு முடியும்வரைக்கான இடைக்கால ஏற்பாடு என்று கொண்டுவந்த 86-272 இன்றும் அமலில் இருக்கிறது.